1969 கமாரோ இசட்/28, பாஸ் 302: நேரில் பார்த்து, ஓட்டி, வாங்கியவர்களின் அனுபவங்கள்

டெட்ராய்ட்டிலிருந்து:
சென்ற கோடையில், செவ்ரோலே கமாரோவின் பந்தய வகையான 1969 இசட்/28 ஒன்றைப் பார்க்க ஓஹையோவுக்குப் போயிருந்தேன். பெயின்ட்டிலும் இருக்கைகளிலும் குறையில்லை, விலையும் ஏறத்தாழப் பேசி முடிந்திருந்தது. வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், எஞ்சின் பிளாக்கில் எண் பொறித்திருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து டார்ச் அடித்தேன். இசட்/28 எஞ்சினுக்குரிய "டி-இசட்" என்ற எழுத்துகள் இருந்தன. ஆனால் ஆலையில் அந்த முகப்பைச் சீவும்போது விழும் மெல்லிய இணைகோடுகளில் ஒன்றுகூட இல்லாமல், அது கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. பழைய எண்ணைச் சீவிவிட்டு இந்த எழுத்துகளைப் பிறகு பொறித்த போலி என்றே நினைத்து வாங்காமல் திரும்பினேன். விற்பவர் தெரிந்தே விற்க வந்தாரா, அவரும் ஏமாந்தவரா என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. சேகரிப்பவருக்கு ஃபோர்டு மஸ்டாங்கின் பாஸ் 302தான் ஏற்றது என்று அன்றே முடிவு செய்தேன். அதன் வண்டி எண்ணில் ஐந்தாவதாக வரும் "ஜி" எஞ்சினைச் சொல்லிவிடும். கமாரோவின் எண்ணோ எட்டு சிலிண்டர் என்பதோடு நின்றுவிடும்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து:
வண்டி எண் சரியாக இருந்தும் நான் கலங்கி நின்றிருக்கிறேன். என்னுடைய 1970 பாஸ் 302-க்கு ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளிலிருந்து தயாரிக்கும் மார்டி அறிக்கை வரை எல்லாம் இருந்தது. இரண்டாவது முறை ஆயிலை வடித்தபோது, நகத்தளவு அலுமினியத் துண்டு ஒன்று தட்டில் விழுந்தது. அது பிஸ்டனின் கீழ்ப்பாவாடை. தொடக்ககாலப் பிஸ்டன்கள் அங்கேதான் விரிசல் விடும் என்பதை வாங்கும் முன்பே நான் கேட்டறிந்திருக்க வேண்டும்.

சின்சினாட்டியிலிருந்து:
இரண்டையும் ஒரே பிற்பகலில் ஓட்டியிருக்கிறேன். பாஸின் அகன்ற வால்வுகள் நகரச் சாலையில் சோம்பிக் கிடந்து, சுழற்சி ஏறிய பின்பே விழித்தன; அந்த விழிப்பு இன்னும் என் முதுகில் இருக்கிறது.

ஆனால் டெட்ராய்ட் நண்பரின் முடிவை ஏற்க முடியவில்லை. கோடுகள் இல்லாததால் மட்டும் அது போலியாகிவிடாது. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்காகவே பிறந்த எஞ்சின் அது. அடித்து ஓட்டியவர்கள் அதைப் பிரித்துச் சேர்க்கும்போது பிளாக்கின் மேல்முகத்தைச் சீவியிருந்தால், அந்தக் கோடுகளும் அதோடு போயிருக்கும். சில பிளாக்குகளில் ஆயில் ஃபில்டருக்கு மேலேயும் வண்டி எண்ணின் ஒரு பகுதி பொறித்திருக்கும். சீவுபவரின் கை அங்கே போவதில்லை. நார்வுட் ஆலையில் செய்ததாக இருந்தால், ஆரம்ப மாதங்களின் வண்டிகள் நீங்கலாக, எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள தகட்டில் இசட்/28-ஐக் குறிக்கும் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருக்கிறதா என்று பாருங்கள். முதல் உரிமையாளருக்குக் கொடுத்த உலோக உத்தரவாதத் தகட்டையும் கேளுங்கள். 1969-இல் இசட்/28 20,302 வண்டிகளும் பாஸ் 302 1,628 வண்டிகளும் வெளிவந்தன. எண்ணிக்கை கூடியதால்தான் கமாரோவுக்கு உதிரிபாகமும் விவரமறிந்தவர்களும் எளிதாகக் கிடைக்கிறார்கள். அந்த ஓஹையோ வண்டி இன்னும் விற்காமல் இருந்தால், ஃபில்டரைக் கழற்றி ஒருமுறை பார்க்க அனுமதி கேளுங்கள்.

டெட்ராய்ட்டிலிருந்து:
அங்கே நான் பார்க்கவில்லை. நாளைக் காலை அவரை அழைக்கிறேன்.