கேசிங் விசிறிகளைப் பயோஸிடம் விடுவதா, மென்பொருளிடம் விடுவதா?

கிரவல் வீதி:
விசுவமடுவில் திருமணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுக்கும் சிறு கடை நடத்துகிறேன். சீற் கூரை என்பதால் சித்திரை மாத நண்பகலில் கடைக்குள் 35 பாகை ஆகிவிடுகிறது. கணினியின் சிபியு (மையச் செயலி) ரைசன் 5 5600. அதைக் குளிர்விக்கும் கூலர் அதனுடன் வந்ததுதான். தனி கிராபிக்ஸ் கார்ட்டும் கேசிங்கில் மூன்று விசிறிகளும் உள்ளன. ரெண்டர் (தொகுத்த காணொளியைக் கோப்பாக உருவாக்கும் வேலை) ஓடும்போது சிபியு 84 பாகையைத் தொடுகிறது. வேலையே இல்லாத நேரத்திலும் விசிறிகள் ஏறி ஏறி இறங்குவதால் வாடிக்கையாளருடன் பேச முடிவதில்லை. விண்டோஸிலிருந்தே விசிறி வேகத்தை அமைக்கும் ஃபேன்கன்ட்ரோல் மென்பொருளை நிறுவு என்கிறார் ஒரு நண்பர். மதர்போட்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸைத் தாண்டிப் போகாதே என்கிறார் இன்னொருவர். உங்கள் கருத்து என்ன?

குளக்கட்டு:
பயோஸ்தான். விசிறிகளை நடத்துவது விண்டோஸ் அன்று, மதர்போட்டில் இருக்கும் நூவோட்டன் அல்லது ஐரிஈ வகைச் சிறிய சிப். அது வெப்பநிலையைப் படித்து, நொடிக்கு 25,000 தடவை அளவில் துடிக்கும் சமிக்ஞையால் நான்கு பின் விசிறிகளின் வேகத்தை மாற்றுகிறது. எத்தனை பாகையில் எவ்வளவு வேகம் என்று பயோஸில் நீங்கள் ஒருமுறை வரைந்து வைக்கும் கோட்டை, விண்டோஸ் உறைந்து போனாலும் அந்தச் சிப் தானாகவே பின்பற்றும். மென்பொருளோ அந்தப் பொறுப்பைச் சிப்பின் கையிலிருந்து பறித்துத் தன் கையில் வைத்துக்கொள்கிறது; அது இடையில் செயலிழந்தால் கடைசியாகச் சொன்ன வேகமே நிலைத்துவிடும். 30 விழுக்காட்டில் சுற்றிக்கொண்டிருந்த விசிறி, ரெண்டர் தொடங்கிய பின்னும் 30 விழுக்காட்டிலேயே சுற்றும்.

உங்கள் இரைச்சலுக்குக் காரணம் வேறு. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே சிபியுவின் உட்புற வெப்பம் ஒரு நொடிக்குள் பத்துப் பதினைந்து பாகை எகிறும், உடனே தணியும். அந்த ஒரு நொடியில் கூலரின் அலுமினியம் சூடாவதே இல்லை. ஆனால் விசிறி அதை நம்பி ஓடத் தொடங்குகிறது. வேகம் கூடுவதற்கும் குறைவதற்கும் சில நொடிகள் தாமதம் வைக்கும் வசதி பெரும்பாலான பயோஸ்களில் உண்டு. அதை வைத்துவிட்டு, 60 பாகை வரை கோட்டைத் தட்டையாக விடுங்கள்.

பாலைநிழல்:
தாமதம் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மற்றதை ஏற்க முடியவில்லை. பெரும்பாலான மதர்போட்களின் பயோஸுக்குக் கிராபிக்ஸ் கார்ட் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே தெரியாது. அண்ணாவின் ரெண்டரில் கார்ட் 200 வாற் வெப்பத்தைக் கேசிங்கினுள் கொட்டும்போது சிபியு பாதி ஓய்வில் இருக்கலாம். அப்போது சிபியுவை மட்டும் பார்க்கும் முன்பக்க விசிறிகள் மெதுவாகவே சுற்றும்.

கணக்கைப் பாருங்கள். மொத்தம் 300 வாற் வெப்பம் வெளியேற வேண்டும், ஆனால் உள்ளே வரும் காற்று 10 பாகைக்கு மேல் சூடேறக் கூடாது என்றால், நொடிக்கு ஏறத்தாழ 25 லீற்றர் காற்று கேசிங்கைக் கடந்து போக வேண்டும். காற்றின் அளவு பாதியானால் அந்த 10 பாகை 20 ஆகும். உங்கள் கடையில் அது கூலரைச் சேரும் காற்றை 55 பாகைக்குக் கொண்டு போகும். ஃபேன்கன்ட்ரோலில் சிபியு, கார்ட் இரண்டில் எது கூடுதலாக வேகம் கேட்கிறதோ அதன்படி கேசிங் விசிறிகளை ஓடவிடலாம். பெரும்பாலான பயோஸ்களால் இதைச் செய்ய முடியாது.

குளக்கட்டு:
அதே மென்பொருள் வன்பொருளை அணுகுவதற்குச் சார்ந்திருந்த வின்ரிங்0 டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2020இலேயே பதிவானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தம்பி. 2025 பங்குனியில் விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டரே அதைத் தீங்கான கருவி என்று பிடிக்கத் தொடங்கியபோது, பலருடைய விசிறிக் கட்டுப்பாடு ஒரே இரவில் இல்லாமற்போனது.

பாலைநிழல்:
மறைக்கவில்லை. இப்போது அது பவ்ன்ஐஓ என்ற வேறு டிரைவருக்கு மாறியிருக்கிறது. மென்பொருள் தொடங்காவிட்டால் கட்டுப்பாடு பயோஸிடமே இருக்கும்; இடையில் செயலிழந்தால்தான் நீங்கள் சொல்லும் சிக்கல் வரும்.

முறிப்பு:
இவ்வளவு பேச்சும் எதற்கு என்று தெரியவில்லை. நான் கேசிங்கின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துள்ளேன். 12 பாகை குறைந்தது.

குளக்கட்டு:
குறையும், மறுக்கவில்லை. சோளகக் காற்று கிளம்பிய பிறகு உள்ளே படியும் செம்மண்ணையும் ஒருமுறை பாருங்கள். கதவில்லாத கேசிங்கிலிருந்து நான் இதுவரை இரண்டு பல்லிகளை எடுத்திருக்கிறேன். ஒன்று பவர் சப்ளைக்குள் கருகிக் கிடந்தது.

முறிப்பு:
பல்லிக் கதையை ஏற்றுக்கொள்கிறேன், எனக்கும் நடந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நண்பகலில் அறை 35, சிபியு 83. அதே வேலையை இரவு 27 பாகையில் கொடுத்தால் 75. இரண்டிலும் வேறுபாடு 48தான். இரண்டு மாதம் கழித்து இரவிலும் 83 காட்டியது; வெயிலைக் குற்றம் சொல்ல முடியாததால் திறந்து பார்த்தேன், கூலரின் இடுக்குகள் செம்மண்ணால் அடைபட்டிருந்தன. நீங்கள் இருவரும் சிபியுவின் எண்ணை மட்டும் வைத்துச் சண்டை பிடிக்கிறீர்கள். அறையின் வெப்பத்தைக் கழிக்காமல் அந்த எண்ணுக்கு இங்கே பொருளே இல்லை.

பாலைநிழல்:
ஐயா சொல்வதே சரியான அளவீடு. விசிறி அதே வேகத்தில் சுற்றும்வரை, அறை எத்தனை பாகை ஏறுகிறதோ சிபியுவும் கிட்டத்தட்ட அத்தனை பாகையே ஏறும். 5600க்கு உற்பத்தியாளர் குறித்த எல்லை 90 பாகை. அதை நெருங்கினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், எரிந்துவிடாது. உணரிகளின் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பதிவை ஓடவிட்டு, மேசையில் சாதாரண வெப்பமானி ஒன்றையும் வையுங்கள். பதிவில் ஏதாவது ஒரு வரி 127 பாகை என்று காட்டினால் பதற வேண்டாம். அது எதனோடும் இணைக்கப்படாத உணரி.

கிரவல் வீதி:
அனைவருக்கும் நன்றி. சிபியு விசிறியைப் பயோஸிலேயே விட்டு, ஐந்து நொடித் தாமதம் வைத்தேன். ஓலம் அன்றே நின்றது. முன்பக்க விசிறிகள் இரண்டையும் ஃபேன்கன்ட்ரோலிடம் கொடுத்திருக்கிறேன். அது தொடங்காத நாளுக்காகப் பயோஸில் அவற்றை 60 விழுக்காட்டில் நிறுத்தியுள்ளேன். உள்ளே படிந்த மண்ணையும் ஊதி எடுத்தேன். ஊதும்போது விசிறி இதழ்களை விரலால் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்று பெயரிங் கெட்டுவிடும். நேற்றைய ரெண்டரில் அறை 34, சிபியு 77.

குளக்கட்டு:
43 பாகை வேறுபாடு நல்லதுதான். அதில் எவ்வளவு மென்பொருளால், எவ்வளவு நீங்கள் ஊதி எடுத்த மண்ணால்? மென்பொருளை மூடி, கணினியை மறுபடி தொடக்கி, அதே காணொளியை ஒருமுறை ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்.

கிரவல் வீதி:
வெள்ளிக்கிழமை ஒரு பூப்புனித நீராட்டு விழாக் காணொளி இருக்கிறது. அதை இரண்டு முறை ஓட்டுகிறேன்.