டார்ன் குழலில் காணாமல்போன 50 கிராம்

குழல்பித்தன்: 16 காலிபர் (குழல் அளவு) டார்ன் ஒன்றை, அதாவது பிரெஞ்சு இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியை, "தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே, முழுக்க அசல்" என்று 1,400 யூரோவுக்குப் போட்டிருக்கிறார் வேட்டைக்காரன். அவர் போட்ட படத்திலேயே குழலின் அடியில் அதன் எடை 1 கிலோ 290 என்று முத்திரை இருக்கிறது, தராசில் அதே குழல் 1 கிலோ 240. மீதி 50 கிராம் எங்கே போனது?

வேட்டைக்காரன்: சமையலறைத் தராசு அது. பாகங்களின் வரிசை எண்கள் எல்லாம் பொருந்துகின்றன, பின்பக்கம் சறுக்கித் திறப்பது வெண்ணெய் மாதிரி இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

குழல்பித்தன்: 50 கிராம் வேண்டும்.

மரக்கட்டை: தோட்டா அறையை 65 மி.மீ.யிலிருந்து 70க்குக் குடைந்திருப்பார்கள், பலரும் செய்வதுதானே. அதற்காக அசல் இல்லை என்பதா?

குழல்பித்தன்: குடைந்தால் இரண்டு குழலுக்கும் சேர்த்துச் சில கிராம்தான் குறையும், கணக்குப் போட்டுப் பாருங்கள். குழலின் உள்விட்டம் 17.0 மி.மீ.யிலிருந்து 17.2 ஆகத் தேய்த்தால்தான் சுமார் 50 வரும். உள்ளே துரு பிடித்துக் குழிவிழுந்து, அதை மறைக்கத் தேய்த்திருக்கிறார்கள், சுவர் மெலிந்துவிட்டது. துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து முத்திரையிடும் செயின்ட் எட்டியென் சோதனைக்கூடம் பழைய சுவரைத்தான் சோதித்தது, இதை இல்லை. அளவு எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.

வேட்டைக்காரன்: போன வருடம் என் மானுஃப்ரான்ஸ் ஐடியல் துப்பாக்கியையும் இப்படித்தான் கெடுத்தீர்கள், அப்புறம் வாங்க வந்தவர் ஓடிவிட்டார். உங்களுக்கு விலை குறையணும், அவ்வளவுதான்.

குழல்பித்தன்: அந்த ஐடியலின் மரக் கைப்பிடிக் கட்டையில் வெடிப்பு இருந்தது. நான் சொன்னதால் வெடிக்கவில்லை.

மரக்கட்டை: அது வெடிப்பே இல்லை, மரத்தின் ரேகை. மரம் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? 30 வருஷமாக வால்நட் கட்டை செதுக்குகிறவன் நான்.

குழல்பித்தன்: செதுக்குங்கள், யார் தடுத்தது. ரேகைக்குள் நகம் இறங்குமா? நான் கேட்பது எடை. இந்தச் சறுக்கித் திறப்பது ரெஜிஸ் டார்ன் 1894லேயே காப்புரிமை வாங்கிய அமைப்பு, அந்தப் பெயருக்கு விலை கொடுக்கலாம், தேய்த்த குழலுக்கு எதற்கு?

வேட்டைக்காரன்: நல்ல தராசு வாங்கி நிறுக்கிறேன். உங்களுக்கு மட்டும் விற்கமாட்டேன்.

குழல்பித்தன்: தராசு வாங்கும்போது உள்விட்டம் அளக்கும் கருவியும் வாங்கிவிடுங்கள். 50 கிராம்.

மரக்கட்டை: அது ரேகைதான்.