திறமூல மென்பொருளின் பெயரும் சின்னமும்: வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியாகியுள்ள ஒரு தரவுத்தள மென்பொருளை எங்கள் சிறு குழு மாற்றியமைத்து, விரைவில் வெளியிடவிருக்கிறது. நிரலைத் திருத்தவும் விற்கவும் அவ்வுரிமம் அனுமதித்தாலும், அதன் 6ஆம் பிரிவு, மூலத்தைக் குறிப்பிடுவதற்கு வழக்கமாகத் தேவைப்படும் அளவைத் தவிர, வணிகக்குறிகளைப் பயன்படுத்தும் உரிமையை வழங்கவில்லை. பயர்பாக்ஸ் உலாவியின் பெயரையும் சின்னத்தையும் பற்றிய கருத்து வேறுபாட்டால், லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 2006இல் அதை ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றி, 2016இல்தான் பழைய பெயருக்குத் திரும்பியது என்பதால், இதைச் சிறிய விஷயமாகக் கருத முடியவில்லை.

எங்கள் பதிப்புக்குப் புதுப்பெயர் சூட்டிவிட்டோம். ஆனால் முகப்புப் பக்கத்தில் "இன்ன மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது" என்று எழுத்தில் மட்டும் குறிப்பிடுவதற்கும் முன் அனுமதி பெற வேண்டுமா? மூலச் சின்னத்தின் நிறத்தை மாற்றி எங்கள் சின்னத்தோடு இணைக்கலாம் என்கிறார் வடிவமைப்பாளர். அது அதிகாரப்பூர்வ வெளியீடு என்ற மயக்கத்தைத் தரும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டளைப் பெயர்களிலும் கோப்புறைப் பெயர்களிலும் பழைய பெயர் இன்னும் நிறைய இடங்களில் இருக்கிறது; அவற்றை மாற்றினால் பயனர்களின் நிரல்கள் இயங்காமல் போகும். இவற்றை அப்படியே விடலாமா?

இத்தகைய அனுமதியைக் கோரிப் பெற்ற அனுபவமுள்ளவர்கள், கடிதத்தில் எவற்றைக் குறிப்பிட்டீர்கள் என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.