யாழினியை இப்பவே சேர்க்கலாமா?

மீனா: எல்லாரும் ஒரு யோசனை சொல்லுங்க. யாழினிக்கு எல்கேஜி கட்-ஆஃப் தேதிக்குக் கொஞ்சம் வயசு குறையுது. ஆனா தானா படிக்கிறா, கூட்டல் போடறா. தனியா டெஸ்ட் வெச்சுப் பார்த்துச் சேர்த்துக்கறோம்னு ஸ்கூல்ல சொல்றாங்க.

அப்பா: இதுல என்னம்மா யோசனை? கெட்டிக்காரக் குழந்தை. சேர்த்துடு 👏

செந்தில் அண்ணா: நேத்து பாம்பு ஏணில தோத்ததும் போர்டையே கவுத்தாளே, அந்தக் கெட்டிக்காரியா அப்பா?

மீனா: 😄 அண்ணா, அதை ஏன் இப்ப கிளப்பறே!

வசந்தா சித்தி: சிரிக்காதே மீனா, அதுதான் விஷயமே. இத்தனை வருஷம் எல்கேஜி எடுக்கறேன், படிக்கத் தெரிஞ்ச குழந்தையால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. பாத்ரூம் வருதுன்னு மிஸ்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டு ஓரமா காலைப் பின்னிக்கிட்டு நிக்கும் பாரு, அதுதான் அடுத்த வாரமே ஸ்கூல் வேணாம்னு அழும்.

வசந்தா சித்தி: கூட உட்கார்றவன் 11 மாசம் பெரியவனா இருப்பான். நாலு வயசுக்கு அது கிட்டத்தட்ட கால்வாசி ஆயுசு!

செந்தில் அண்ணா: அமெரிக்காவுல 2018ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. செப்டம்பர் 1 கட்-ஆஃப் உள்ள மாநிலங்கள்ல, ஆகஸ்ட்ல பொறந்த பசங்களுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிக்காம, ஓயாம துறுதுறுன்னு இருக்கற கோளாறு)ன்னு சொன்னது செப்டம்பர்ல பொறந்தவங்களைவிட 34 சதவீதம் அதிகம். பொறந்த மாசம் பார்த்தா வியாதி வரும்? வகுப்புலயே சின்னவன், துறுதுறுன்னு இருந்திருப்பான், அவ்வளவுதான்.

அப்பா: பின்லாந்துல ஏழு வயசுலதான் ஒண்ணாங்கிளாஸாம். அவங்க என்ன கெட்டா போயிட்டாங்க.

மீனா: அப்பா, இப்பதானே சேர்த்துடுன்னீங்க 🤦‍♀️ வீட்ல வெச்சிருந்தா போரடிக்குதுன்னு உயிரை எடுக்கறா.

வசந்தா சித்தி: அதுவும் நிஜம். எல்லாம் தெரிஞ்சதை அடுத்த வருஷம் அ, ஆ எழுதுன்னா அது வேற குறும்பு பண்ணும். தயாரா இருந்தா முன்னாடியே சேர்க்கறது தப்பில்ல. ஒரு கிளாஸ் தாண்டி உட்கார வெக்கணும்னாகூட இப்பதான் சுலபம். ரெண்டாங்கிளாஸ்ல தூக்கிப் போட்டா பிரெண்ட்ஸை விட்டுப் பிரியணும்.

மீனா: தயாரான்னு எப்படி சித்தி கண்டுபிடிக்கறது?

வசந்தா சித்தி: டெஸ்ட் மார்க்கை விடு. டிபன் டப்பாவை அவளே திறக்கறாளா? தெரியாத பெரியவங்ககிட்ட வாய் திறந்து கேக்கறாளா? நாலு வரி எழுதறதுக்குள்ள கை வலிக்குதுங்கறாளா? ஒரு காலைப்பொழுது வகுப்புல உட்கார வெச்சுப் பாக்கச் சொல்லு. ஒத்துவரலைன்னா நடுவுல ப்ரீகேஜிக்கு மாத்துவாங்களான்னு எழுத்துல வாங்கிக்கோ.

மீனா: இப்பவே போன் பண்ணிட்டேன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்றாங்க. நான் ஜன்னல் பக்கம் நிக்கலாமா?

வசந்தா சித்தி: கூடவே கூடாது. உன்னைப் பார்த்தா அழறதா, விளையாடறதான்னு தெரியாம முழிக்கும். கேட்டைத் தாண்டிப் போயிடு.

அப்பா: ஷூ லேஸ் வேணாம்மா. ஒட்டற மாதிரி வாங்கு.