ஓராண்டாக 1700இல் நிற்கும் ரேட்டிங்: கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் எதைப் பயில்வது?

கறுப்புக்குதிரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி நாட்களில் காய் நகர்த்தக் கற்றுக்கொண்டதோடு விட்டுவிட்ட நான், 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதுதான் மீண்டும் பலகையின் முன் உட்கார்ந்தேன். இணையத்தில் செஸ் ஆடும் லிசெஸ் தளத்தின் பத்து நிமிட ஆட்டங்களில், ஆட்டத்திறனைக் காட்டும் எண்ணான என் ரேட்டிங் 1300இலிருந்து 1700 வரை ஏறியது. அதன்பின் ஏறக்குறைய ஓராண்டாக அங்கேயே நிற்கிறது. நாள்தோறும் இருபது புதிர்களாவது தீர்க்கிறேன். புதிர்களில் என் ரேட்டிங் 2200ஐத் தாண்டிவிட்டது. இரவில் நான்கைந்து ஆட்டங்கள் ஆடுகிறேன், ஓபனிங் எனப்படும் தொடக்க நகர்த்தல்கள் பற்றிய காணொளிகள் பார்க்கிறேன், தோற்ற ஆட்டத்தை உடனே எஞ்சினில், அதாவது செஸ் கணிக்கும் கணினி நிரலில், போட்டு எந்த நகர்த்தல் தவறு என்றும் பார்த்துவிடுகிறேன். சென்ற மாதம் முதன்முறையாக ஒரு ரேட்டிங் போட்டியில் கலந்துகொண்டபோது, நல்ல நிலையில் இருந்த ஆட்டங்களையே கைநழுவ விட்டேன். வேலையும் குடும்பமும் போக எனக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அதை எதற்குச் செலவிடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையபலகை எழுதியது:

உங்கள் கேள்வியிலேயே பதிலின் ஒரு பகுதி இருக்கிறது. புதிரில் 2200, ஆட்டத்தில் 1700 என்ற இடைவெளி பலருக்கும் உண்டு. லிசெஸ் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுவதால் அவ்விரு எண்களையும் நேராக ஒப்பிட முடியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். புதிர் திரையில் வரும்போதே இங்கே ஏதோ இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆட்டத்தில் அதை யாரும் சொல்வதில்லை. எங்கே நின்று யோசிக்க வேண்டும் என்று கண்டுகொள்வதே தனியொரு திறமை. தான் ஆடிய ஆட்டங்களைத் தானே ஆராய்வதால் மட்டுமே அது வளரும் என்பது, சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வருவதில் நான் கண்டது.

ஆகவே எஞ்சினைச் சற்றுத் தள்ளி வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து, எந்த நகர்த்தலில் என்ன நினைத்தீர்கள், எதிராளியின் எந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை, எங்கே அவசரப்பட்டீர்கள் என்பதை நினைவிலிருந்து எழுதுங்கள். எஞ்சினை அதற்குப் பிறகு திறந்தால் போதும். நீங்கள் அதை முதலிலேயே திறந்துவிடுவதால், தவறான நகர்த்தல் எது என்பது தெரிகிறது. அந்தத் தவறுக்கு உங்களைக் கொண்டுசென்ற எண்ணம் எது என்பது தெரியாமலே போய்விடுகிறது. குகேஷின் தொடக்கப் பயிற்சி ஆண்டுகளில் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா எஞ்சினைப் பயன்படுத்த விடவில்லை என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆன ஒருவருக்கே அது தடையாக இருக்கவில்லை.

அண்மையில் தோற்ற பத்து ஆட்டங்களை இப்படிப் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தென்படுவதை இங்கே எழுதுங்கள். அதற்கு முன் எந்தப் பாடத்திட்டத்தையும் சொல்ல எனக்கு மனமில்லை.

நிதானம் எழுதியது:

முந்தைய பதிலை முழுமனதோடு ஏற்றுக்கொண்டு, ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பத்து நிமிட ஆட்டத்தில் நீங்கள் ஆராய்வதற்குப் போதுமான எண்ணங்களே தோன்றியிருக்காது. முப்பதாவது நகர்த்தலில் கடிகாரத்தில் ஒரு நிமிடம் மிச்சமிருக்கும் ஆட்டத்தில் ஏன் அப்படி ஆடினேன் என்று கேட்டால், நேரமில்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. நாளுக்கு ஐந்து ஆட்டங்கள் என்பதை விட்டு, இரண்டு நாளுக்கு ஓர் ஆட்டம் என்று வையுங்கள். முப்பது நிமிடமும் நகர்த்தலுக்கு இருபது விநாடிக் கூடுதலும் உள்ள ஆட்டமாக இருந்தால் நல்லது. ரேட்டிங் போட்டிக்குச் செல்ல விரும்பும் ஒருவர் நீண்ட ஆட்டத்துக்குப் பழகாமல் அங்கே போய் உட்காருவது கடினம்.

புதிர்களைக் கைவிட வேண்டாம், ஆனால் முறையை மாற்றுங்கள். இருபது புதிர்களை ஊகித்து ஆடுவதைவிட, நான்கு புதிர்களில் எதிராளியின் வலுவான பதில் வரை மனத்திலேயே கணித்து முடித்த பிறகு முதல் காயைத் தொடுவது மேலானது. தவறிய புதிர்களைத் தனியே சேர்த்து வைத்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் தீர்த்துப் பாருங்கள்.

கறுப்புக்குதிரை எழுதியது:

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. பத்து ஆட்டங்களையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஓபனிங்கால் தோற்றது ஓர் ஆட்டம்தான் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. இரண்டில் காயைக் காவலின்றி விட்டு வெறுமனே பறிகொடுத்திருக்கிறேன். மீதி ஏழில் ஆறு ஆட்டங்களில் ஒரே பழக்கம் தெரிகிறது: நிலைமை சிக்கலாகும்போதெல்லாம் காய்க்குக் காய் வெட்டி மாற்றிக்கொண்டு எளிமையாக்கியிருக்கிறேன். ‘மாற்றிக்கொண்டால் பாதுகாப்பு’ என்று நோட்டில் நானே நான்கு இடங்களில் எழுதியிருக்கிறேன். அவற்றுள் ஓர் ஆட்டம், யானைக்கு யானை இருக்க ஒரு சிப்பாய் குறைவாக இருந்த இறுதியாட்டம், அதாவது சில காய்களே மிஞ்சிய கடைசிக் கட்டம். என் ராஜா எதிராளியின் சிப்பாய்க்கு நேர்முன்னே நின்றிருந்தும் தோற்றுவிட்டேன். அது டிரா என்று எஞ்சின் காட்டுகிறது. எப்படி என்பதுதான் விளங்கவில்லை.

பழையபலகை எழுதியது:

இதைத்தான் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். காய்களை வெட்டிக்கொள்வது பாதுகாப்பு என்ற எண்ணம் உங்கள் தரத்தில் மிகப் பரவலானது. ஆனால் பலகையில் திருப்பி எடுக்க முடியாத முடிவுகளுள் முதன்மையானது அதுவே. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். குகேஷும் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரெனும் ஆறரைப் புள்ளிகளில் சமமாக இருந்தார்கள். டிங் லிரென் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தபோதிலும், இருவரிடமும் யானையும் மந்திரியும் இருந்த அந்த நிலை காக்கக்கூடியதாகவே இருந்தது. 55ஆவது நகர்த்தலில் அவர் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து யானை மாற்றத்துக்கு வழி திறந்தார். குகேஷ் யானையை வெட்டிக்கொண்டு மந்திரியை டி5இல் வைத்ததும், ஏ8 மூலையில் இருந்த டிங்கின் மந்திரிக்கு மாற்றத்தைத் தவிர்க்க இடமில்லை. அதுவும் மாறிய பிறகு மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே. அது குகேஷுக்கு வெற்றி. உலகச் சாம்பியனுக்கே, நீண்ட போட்டியின் களைப்பில், மாற்றம் நிம்மதியாகத் தோன்றியிருக்கிறது. எனவே இனி எந்தக் காயை மாற்றும் முன்னும், அந்தக் காய்கள் பலகையில் இல்லாத நிலையை மனத்தில் நிறுத்தி, அதில் யாருடைய ராஜா முன்னே இருக்கிறது, யாருடைய சிப்பாய் முதலில் ராணியாகும் என்று எண்ணிப் பாருங்கள். சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் நிலை என்றால் கடைசி வரை எண்ணியே ஆக வேண்டும்.

உங்கள் யானை இறுதியாட்டத்துக்கு வருகிறேன். இது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் காட்டிய தற்காப்பு. உங்கள் ராஜா சிப்பாய் ராணியாகும் கட்டத்தில் நிற்க, உங்கள் யானை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையை எதிராளியின் ராஜா தாண்ட முடியாது. நீங்கள் யானையை அதே வரிசையில் இடமும் வலமும் நகர்த்திக்கொண்டு காத்திருக்கலாம். வேறு வழியின்றி எதிராளி சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளும்போது, அவருடைய ராஜா முன்னேறி ஒளிந்துகொள்ளச் சிப்பாயின் முன்னே இருந்த இடம் பறிபோகிறது. அந்தக் கணமே யானையைப் பலகையின் மறுகோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் சொல்லிக்கொண்டே இருந்தால் அவருக்கு மறைவிடம் கிடைக்காது. நீங்கள் சிப்பாய் தள்ளப்படும் முன்னரே யானையை முதல் வரிசைக்கு இறக்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

நிதானம் எழுதியது:

இதற்கு மறுபக்கமான, சிப்பாய் கூடுதலாக உள்ளவர் வெல்லும் லுசேனா நிலையையும் சேர்த்தே படியுங்கள். சிப்பாய் ஏழாவது வரிசையில், அதன் முன்னே சொந்த ராஜா, எதிராளியின் ராஜா பக்கத்தில் வர முடியாதபடி யானையால் தடுக்கப்பட்டிருக்கிறது. யானையை நான்காவது வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டு ராஜாவை வெளியே நடத்தினால், செக் வரும்போது அந்த யானையே குறுக்கே வந்து மறைத்துவிடும். இதைப் பாலம் கட்டுதல் என்பார்கள். ஓரத்துச் சிப்பாய்க்கு மட்டும் இது பொருந்தாது. இந்த இரண்டு நிலைகளையும் திரையில் பார்க்காமல், உண்மையான பலகையில் காய்களை வைத்து, எஞ்சினையே எதிராளியாக்கிப் பத்துத் தடவையாவது ஆடிப் பார்க்க வேண்டும்.

கறுப்புக்குதிரை எழுதியது:

யானையை முதல் வரிசைக்கு இறக்கியதுதான் நடந்தது, ஐயா. சிப்பாய் அப்போது இன்னும் என் நான்காவது வரிசையில்தான் இருந்தது. நேற்றிரவு பலகையை எடுத்து அதே நிலையை வைத்து எஞ்சினோடு ஆடினேன். முதல் மூன்று முறை தோற்று, நான்காவது முறை டிரா செய்தேன். அடுத்த போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது. அதுவரை பத்து நிமிட ஆட்டங்களை நிறுத்திவிட்டு, வாரம் மூன்று நீண்ட ஆட்டங்களும் அவற்றின் நோட்டும், மற்ற நாட்களில் இறுதியாட்டப் பயிற்சியும் நான்கு புதிர்களும் என்று வைத்துக்கொள்கிறேன். போட்டி முடிந்ததும் ஆட்டங்களை என் குறிப்புகளோடு இங்கே இடுகிறேன்.