புதுப்பிப்பு: ஆன்டேப் சிமுலேட்டரில் இரண்டாவது நோடும் வால்ஜீரோவும்

நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ் மென்பொருளான ஆன்டேப்பைப் பழக உதவும் சிமுலேட்டரை விஎம்வேரில் ஒற்றை நோடாக (ஒரு ஸ்டோரேஜ் கணினியாக) நிறுவுவதை முந்தைய இழையில் எழுதியிருந்தேன். இரண்டாவது நோடு கிளஸ்டரில் (நோடுகளின் கூட்டில்) சேர மறுக்கிறது என்று பலர் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

முதல் நோடின் விஎம்மை (மெய்நிகர் கணினியை) குளோன் செய்யாதீர்கள். சிமுலேட்டரின் ஓவிஏ கோப்பை (விஎம்மின் தயார்நிலைத் தொகுப்பு) மறுபடி இறக்கி, முதல் பூட்டிலேயே ஸ்பேஸ் கீயைத் தட்டி விலோடர் (பூட் லோடர்) பிராம்ப்டில் நிறுத்துங்கள். அங்கே சீரியல் எண், சிஸ்டம் ஐடி இரண்டையும் மாற்ற வேண்டும். லைசென்ஸ் கோப்பில் இரண்டாம் நோடுக்கென்று உள்ள சீரியல் எண்ணையே கொடுங்கள். சிஸ்டம் ஐடி அதே எண்தான், நடுவில் கோடு இல்லாமல். பிறகுதான் பூட், கன்ட்ரோல்-சி தட்டினால் வரும் பூட் மெனுவில் 4 (டிஸ்க்குகளை அழித்துப் புதிதாக அமைப்பது). ஒருமுறை பூட் ஆனபின் மாற்றினால் டிஸ்க்குகள் பழைய ஐடியின் பெயரிலேயே நிற்கும்.

இ0ஏ, இ0பி இரண்டும் கிளஸ்டர் போர்ட்டுகள், அதாவது நோடுகள் தங்களுக்குள் பேசும் நெட்வொர்க் போர்ட்டுகள். இரு நோடுகளிலும் அவை ஒரே தனி நெட்வொர்க்கில் இருக்கட்டும்.

அடுத்த தலைவலி வால்ஜீரோ. நோடின் சொந்த சிஸ்டம் கோப்புகளும் லாக்குகளும் இருக்கும் இந்த ரூட் வால்யூம் மிகச் சிறியது. லாக்கும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து அதை நிரப்பிவிடும், நிரம்பினால் மேனேஜ்மென்ட் சேவைகள் எழாது. கிளஸ்டர் அமைந்த கையோடு நோட்ஷெல்லில் (ஒரு நோடுக்கான கட்டளைச் சூழல்) அதன் ஸ்னாப்ஷாட் அட்டவணையை நிறுத்தி, இருப்பவற்றை அழித்து, ஏகர்ஜீரோவில் (வால்ஜீரோ இருக்கும் டிஸ்க் தொகுப்பு) டிஸ்க் சேர்த்து வால்யூமைப் பெரிதாக்குங்கள். நிரம்பும்வரை காத்திருக்கவே வேண்டாம்.

விஎம் ஸ்னாப்ஷாட் எடுப்பதானால் இரு நோடுகளையும் ஹால்ட் செய்துவிட்டு எடுங்கள். ஃபெய்ல்ஓவர் (ஒரு நோடு விழுந்தால் மற்றது ஏற்பது), ஃபைபர் சேனல் பயிற்சிக்கு இந்த சிமுலேட்டர் உதவாது. என்எஃப்எஸ் (கோப்புப் பகிர்வு), ஐஸ்கசி (நெட்வொர்க் வழி டிஸ்க்), ஸ்னாப்மிரர் (தரவுப் பிரதியாக்கம்) பழக அருமையான கருவி.