பம்பின் வேகத்தைக் கூட்டியும் மின்கலங்களுக்கிடையே வெப்பநிலை வேறுபாடு குறையவில்லை: என்ன செய்யலாம்?

சரக்குவண்டி (கேள்வி):
வணக்கம். சிறு சரக்கு வண்டி ஒன்றுக்காக, 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 48 லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்களைத் தொடராக இணைத்து ஒரு தொகுப்பு செய்திருக்கிறோம். அடியில் உள்ள அலுமினியத் தகட்டின் இணையான எட்டு வழிகளில், தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த திரவம் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடுகிறது. தொடர்ந்து 120 ஆம்பியர் எடுக்கும்போது திரவம் 2 டிகிரி மட்டுமே சூடாகி வெளியேறுகிறது. ஆனால் மிகச் சூடான மின்கலத்துக்கும் மிகக் குளிர்ந்ததற்கும் 9 டிகிரி வேறுபாடு உள்ளது. ஓட்டத்தை இரட்டிப்பாக்கியபோது அது 8 ஆனது, அவ்வளவுதான். இன்னும் பெரிய பம்ப் போடலாமா, அல்லது தகட்டையே விட்டுவிட்டு மின்கலங்களை எண்ணெயில் மூழ்கவைக்கலாமா?

வெப்பக்கணக்கு:
பம்பை வாங்குவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். ஒரு மின்கலத்தின் உள்மின்தடை அரை மில்லி ஓம் என்று கொண்டால், 120 ஆம்பியரில் அது சுமார் 7 வாட் வெப்பத்தை வெளிவிடும். 48-க்கும் சேர்த்து ஏறத்தாழ 350 வாட். அதை நிமிடத்துக்கு 3 லிட்டர் கலவை ஏற்றுக்கொண்டால் 2 டிகிரிதான் உயரும், நீங்கள் அளந்ததும் அதுவே. ஆகவே எவ்வளவு பெரிய பம்பைப் பொருத்தினாலும் இந்த 2 டிகிரியைத்தான் கரைக்க முடியும். குறுகிய வழிகளில் ஓட்டம் கொந்தளிப்பின்றி அடுக்கடுக்காகச் செல்லும்வரை, வேகம் கூடுவதால் சுவரிலிருந்து திரவத்துக்கு வெப்பம் மாறும் விகிதம் பெரிதாக உயராது. திரவத்தைத் தள்ளத் தேவைப்படும் திறன் மட்டும், ஓட்டம் இரட்டித்தால் நான்கு மடங்காகும்.

மீதி 7 டிகிரியைத் தொடுபரப்பில் தேடுங்கள். மின்கலத்தின் அடிப்பரப்பு 160-க்கு 50 மில்லிமீட்டர் என்றால், 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரணத் தெர்மல் பேட் (மின்கலத்திலிருந்து தகட்டுக்கு வெப்பத்தைக் கடத்தும் மென்மையான பட்டை) நன்றாக ஒட்டியிருக்கும்போது அதன் குறுக்கே 1 டிகிரிக்கும் குறைவாகவே இழப்பீர்கள். ஆனால் அதற்கும் தகட்டுக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் காற்று புகுந்துவிட்டால், அந்தக் காற்றடுக்கு மட்டுமே 7 டிகிரி அளவுக்குத் தடுக்கும்.

ஓட்டப்பங்கீடு:
வெளியேறும் திரவத்தின் 2 டிகிரி என்பது எட்டு வழிகளும் கலந்த சராசரி என்பதை மேலே உள்ள நண்பர் விட்டுவிட்டார். ஒரு வழியில் அதற்குரிய அளவில் மூன்றில் ஒரு பங்கு திரவமே ஓடினால் அங்கே 6 டிகிரி ஏறும், வெளியே எதுவும் தெரியாது. ஆயினும் அப்படி இருந்திருந்தால், ஓட்டத்தை இரட்டித்ததும் வேறுபாடு 3 டிகிரி அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். 1 டிகிரிதான் குறைந்தது என்பதால் அவர் முடிவோடு நானும் உடன்படுகிறேன்.

மின்கலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் உலோகப் பட்டைகளான பஸ்பார்களின் இணைப்புகளையும் மறக்க வேண்டாம். சுமை ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் மல்டிமீட்டரில் மில்லிவோல்ட் பாருங்கள். 36 மில்லிவோல்ட் காட்டும் இணைப்பு தானே 4 வாட்டுக்கு மேல் வெப்பத்தைப் பக்கத்து மின்கலத்துக்குள் அனுப்பும். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் இருக்கும். சூடான மின்கலங்கள் திரவம் வெளியேறும் முனையில் இருக்கின்றனவா, வேறெங்காவதா?

சரக்குவண்டி:
இணைப்புகள் எல்லாம் 5 மில்லிவோல்டுக்குள்ளேயே உள்ளன. சூடானவை வெளியேறும் முனையில் இல்லை, தகட்டின் நடுவில் உள்ளன. தகடு ஓரங்களில் மட்டுமே திருகப்பட்டிருக்கிறது.

குளிர்தகடு:
அப்படியானால் தகடு நடுவில் தொய்ந்து, மின்கலங்களை விட்டு விலகியிருக்கிறது என்றே நினைக்கிறேன். மேலே ஒரு நேர்விளிம்பை வைத்து இடைவெளியை அளந்து பாருங்கள். தகட்டுக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் கொடுங்கள், அல்லது அமுங்கிக்கொடுக்கும் நுரைப் பட்டையை வைத்து அது எப்போதும் மேல்நோக்கி அழுத்தும்படி செய்யுங்கள். தெர்மல் பேடுக்குப் பதிலாக, பூசியபின் இறுகும் இடைவெளி நிரப்புப் பசையைப் பயன்படுத்தினால் மேடுபள்ளங்கள் நிரம்பிவிடும். ஆனால் பின்னர் ஒரு மின்கலத்தைக் கழற்றுவது பெரும்பாடு.

எண்ணெயில் மூழ்கவைக்கும் முறை உங்களுக்குத் தேவையில்லை. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி தன் கலப்பினக் கார்களில் 560 மின்கலங்களை 14 லிட்டர் மின்கடத்தாத் திரவத்தில் குளிர்விக்கிறது. அந்தத் தொகுப்பு 6.1 கிலோவாட்-மணி மட்டுமே கொண்டது, ஆயினும் பத்து விநாடிகளுக்கு 150 கிலோவாட் தர வேண்டும். உங்களுடையது 15 கிலோவாட்-மணி கொண்டு 18 கிலோவாட் தருகிறது. எண்ணெயின் வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரில் ஏறத்தாழ பாதிதான், எடையும் கசிவைத் தடுக்கும் வேலையும் கூடுதல்.

பணம் செலவழிக்க எண்ணினால் குளிர்பதனச் சுற்றோடு இணைந்து திரவத்தைக் குளிர்விக்கும் கருவியான சில்லருக்குச் செலவழியுங்கள். கோடையில் வெளிக்காற்றே 40 டிகிரி இருக்கும்போது, வெறும் ரேடியேட்டரால் திரவத்தை அதற்குக் கீழே கொண்டுவர முடியாது. மின்கலங்களோ 35 டிகிரிக்குள் இருப்பதையே விரும்புகின்றன. அதையும் தகட்டைச் சரிசெய்த பிறகே வாங்குங்கள். தொடுபரப்பில் இடைவெளி இருக்கும்வரை, குளிர்ந்த திரவம் எல்லா மின்கலங்களையும் ஒரே அளவில் கீழே இறக்கும், அந்த 7 டிகிரி அப்படியே நிற்கும்.